அடைக்கோழியா, மெஷினா? திருகோணமலை வளவுகளுக்கு எது சரி

ஊர்க்கோழிக் குஞ்சு வேண்டும் என்றால் இப்போது நம்மிடம் மூன்று வழி இருக்கிறது. வளவில் நிற்கும் கோழியையே அடைக்கு வரவைக்கலாம், முட்டை பொரிக்கும் மெஷினான இன்குபேட்டர் வாங்கலாம், இல்லாவிட்டால் இரண்டையும் சேர்த்துச் செய்யலாம். ஐந்தாறு கோழி வளர்க்கும் வீட்டுக்கு நான் கோழியைத்தான் சொல்வேன். குஞ்சு பொரித்த பிறகு வரும் இரண்டு மாதங்களை நினைத்துத்தான் அப்படிச் சொல்கிறேன்.

முதலில் உங்களிடம் இருப்பது என்ன கோழி என்று பாருங்கள். வெள்ளை லெகோர்னும் பண்ணைகளில் இருந்து வரும் பிரவுன் முட்டைக்கோழியும் அடைக்குணம் போகும்படி தலைமுறை தலைமுறையாகத் தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டவை. அடை கிடந்தால் முட்டை நின்றுவிடும் அல்லவா? அவற்றுக்கு எவ்வளவு வைக்கோல் போட்டாலும் பெரும்பாலும் உட்காராது. அந்த வீட்டுக்காரர் நேராக மெஷினையோ, பக்கத்து வளவின் ஊர்க்கோழியையோ யோசிப்பதே நல்லது. ஊர்க்கோழி அப்படியல்ல. ஒரு ஈடு முட்டையிட்டு முடித்ததும் அதற்கு அந்த எண்ணம் தானாகவே வரும்.

வரும் என்றாலும் வலுக்கட்டாயமாக வரவைக்க முடியாது. கூடையால் மூடி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அடைக்குணம் வராத கோழி உள்ளே முட்டையை மிதித்து உடைத்துவிட்டு மிரண்டுபோய் வெளியே வரும். அடைக்குணத்தை எழுப்புவது புரோலாக்டின் என்ற ஓமோன். கூட்டில் முட்டை சேர்வது, அது வயிற்றில் படுவது, அரை இருட்டு, ஆள் நடமாட்டம் இல்லாத மூலை, இவையெல்லாம் அதைக் கூட்டும். நம் வேலை அந்த மூலையை அமைத்துக் கொடுப்பது.

இதற்கும் இரண்டு முறை உண்டு. இட்ட முட்டையை எடுக்காமல் கூட்டிலேயே சேரவிடுவது பழைய பழக்கம். கோழிக்கு அது பிடிக்கும், ஆனால் நம் ஊர் வெயிலுக்கு அது ஒத்துவராது. வெப்பம் 27 பாகை செல்சியஸுக்கு மேல் போனாலே கரு அரைகுறையாக வளரத் தொடங்கி, அப்புறம் செத்துப்போகும். திருகோணமலையில் பகலில் குசினி மூலைகூட அதைத் தாண்டிவிடும். பத்து நாள் கூட்டில் கிடந்த முதல் முட்டை கூமுட்டையாவது இதனால்தான். போதாததற்குச் சாரைப்பாம்பும் உடும்பும் வாசம் பிடித்து வரும். ஆகவே பொய் முட்டை வைக்கும் முறையே மேல். முட்டை அளவில் வழவழப்பான கல்லோ, பிளாஸ்டிக் முட்டையோ நாலைந்து போட்டுவிட்டு, நல்ல முட்டையை அன்றன்றே எடுத்து, கூர் முனை கீழே இருக்கும்படி வீட்டின் குளிர்ச்சியான இடத்தில் வையுங்கள். பிரிட்ஜில் வேண்டாம், அந்தக் குளிர் அடை முட்டைக்கு அதிகம். நம் வெக்கைக்கு ஐந்து, ஆறு நாளுக்கு மேல் சேர்த்து வைக்காமல் இருப்பது நல்லது. சேவல் நிற்கும் வளவு முட்டையாகவும் இருக்க வேண்டும். கடையில் வாங்கும் பண்ணை முட்டை பொரிக்காது.

மற்றக் கோழிகள் அடைந்த பிறகும் இது கூட்டிலேயே கிடக்கிறதா, கையைக் கொண்டுபோனால் இறகைச் சிலிர்த்துச் சீறுகிறதா, நெஞ்சுப் பக்கம் இறகு உதிர்ந்து தொட்டால் சுடுகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று இரவு இப்படியே நின்றால் அது அடைக்கோழிதான். அப்போது இரவில் கல்லை எடுத்துவிட்டு எல்லா முட்டையையும் ஒரே தடவையில் வையுங்கள். அப்படி வைத்தால்தான் குஞ்சுகள் ஏறக்குறைய ஒரே நாளில், 21ஆம் நாளளவில் வெளிவரும். நம் ஊர்க்கோழியின் உடம்புக்குப் பத்து, பன்னிரண்டு முட்டை போதும். ஆசைப்பட்டுப் பதினைந்து வைத்தால் ஓரத்து முட்டைகள் மாறிமாறிக் குளிர்ந்து, எல்லாமே கெடக்கூடும். தாரா முட்டைக்கு 28 நாள் வேண்டும், அதைக் கோழி முட்டையோடு கலக்காதீர்கள்.

கூட்டுக்குக் கடகம் நல்லது. அடியில் சற்று ஈர மணல், மேலே வைக்கோல், இடையில் கொஞ்சம் வேப்பிலை. வறண்ட கச்சான் காற்று வீசும் மாதங்களில் அந்த மணலின் ஈரம் முட்டைக்கு மிகவும் உதவும். மார்கழி மழையில் ஈரமே எதிரியாகிவிடும், கடகத்தைப் பலகை மேல் தூக்கி வையுங்கள். இடி முட்டையைக் கெடுக்கும் என்று நம்பிக் கூட்டில் இரும்பாணி வைப்பவர்கள் தாராளமாக வைக்கட்டும், ஆனால் நனைந்த வைக்கோலை மாற்றுவதை மறக்க வேண்டாம். மழை விட்டபின் வரும் தை, மாசிதான் அடை வைக்க எனக்குப் பிடித்த காலம். கோழி நாளுக்கு ஒரு தடவை இறங்கும், அப்போது நெல்லும் தண்ணீரும் சாம்பல் குளிக்க ஓர் இடமும் கிட்டத்தில் இருக்க வேண்டும். பேன் பிடித்த கோழி பாதியில் எழுந்து போய்விடும்.

இன்குபேட்டரின் பலம் எண்ணிக்கை. கோழி எப்போது மனது வைக்கும் என்று காத்திருக்கத் தேவையில்லை, ஒரே தடவையில் ஐம்பது முட்டைகூட வைக்கலாம். அடை கிடந்து குஞ்சு வளர்க்கும் கோழி மூன்று மாதமளவில் முட்டையிடாது, மெஷின் வைத்தால் அந்த நட்டம் இல்லை. ரெஜிபோம் மீன் பெட்டியில் பல்பு போட்டுத் தாங்களே செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கவனம் முழுக்க நம்முடையது. விசிறி உள்ள மெஷினில் வெப்பம் 37.5 பாகையில் நிற்க வேண்டும், முட்டையை 18ஆம் நாள் வரை நாளுக்குப் பல தடவை திருப்ப வேண்டும், கடைசி மூன்று நாளும் ஈரப்பதத்தைக் கூட்ட வேண்டும். கரண்ட் போனால் மூடியைத் திறக்காமல் துணியால் போர்த்தினால் சில மணி நேரம் தாங்கும். 2022 பங்குனிக் கடைசியில் 13 மணி நேரம் வரை கரண்ட் வெட்டினார்கள், அப்படியான நாட்களில் கோழிக்கு எந்தச் சிக்கலும் இல்லை. சூடு குறைவதைவிட மிஞ்சுவதுதான் ஆபத்து. மலிவு மெஷினின் திரையை மட்டும் நம்பாமல் வேறொரு வெப்பமானியும் உள்ளே வையுங்கள்.

பொரித்த பிறகுதான் பெரிய வித்தியாசம் தெரியும். மெஷின் குஞ்சுக்கு முதல் வாரம் 32 முதல் 35 பாகைச் சூடு வேண்டும், தீனி காட்டிக் கொடுக்க வேண்டும், காகத்துக்கும் கீரிக்கும் காவல் இருக்க வேண்டும். தாய்க்கோழி இதையெல்லாம் தானே செய்யும். பருந்தின் நிழல் விழுந்தால் ஒரே குரலில் எல்லாக் குஞ்சையும் செட்டைக்குள் இழுத்துவிடும். கறையானைக் கிளறிக் காட்டும். வேலைக்குப் போகும் வீட்டாருக்கு இதைவிடப் பெரிய உதவி இல்லை.

விற்பனைக்கு நிறையக் குஞ்சு வேண்டுமென்றால் மெஷினையும் கோழியையும் சேருங்கள். மெஷினில் முட்டை வைக்கும் நாட்களிலேயே அடைக்கோழியைப் பொய் முட்டையில் கிடக்கவிட்டு, பொரித்த குஞ்சுகளை ஓரிரு நாளுக்குள் இரவில் அதன் செட்டைக்குக் கீழே வைத்துப் பொய் முட்டையை எடுத்துவிடுங்கள். விடியும்போதே போய்ப் பாருங்கள், கொத்தினால் உடனே குஞ்சுகளைப் பிரித்துவிட வேண்டும். எந்த வழியில் பொரித்த குஞ்சானாலும் ராணிக்கெட் என்ற கோழி நோய்க்குத் தடுப்பு மருந்து கட்டாயம் வேண்டும். எந்த நாளில் போடுவது என்பதை உங்கள் பகுதி மிருக வைத்தியரிடம் பொரிக்கும் முன்பே கேட்டு வையுங்கள்.