கரகரப்பில்லாத குமிழ்: ஆல்ஃபா 16 மி.மீ. பொட்டன்ஷியோமீட்டர்

சேலத்தில் ‘100கே வால்யூம்’ என்று கேட்டால் பெரும்பாலும் கிடைப்பது, தயாரித்தவர் பெயரே இல்லாத கார்பன் பொட்டன்ஷியோமீட்டர், அதாவது குமிழைத் திருப்பி மின்தடையை மாற்றும் பாகம் (100கே என்பது 100 கிலோ ஓம்). ஆம்ப்ளிஃபயருக்கு அது போதும். ஏற்காட்டு வீட்டில் நான் கட்டிய முதல் சிந்தசைசருக்கும் (மின்சுற்றால் ஒலியை உருவாக்கும் இசைக்கருவி) அதில் பன்னிரண்டு வாங்கிப் பொருத்தினேன். மூன்றே மாதத்தில், ஒலியின் தன்மையை மாற்றும் ஃபில்டர் குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் வந்தது. சுருதிக் குமிழ் வைத்த இடத்தில் நிற்கவில்லை. பிரித்துப் பார்த்தால், கார்பன் பட்டையையும் வெளிக்காலையும் இணைக்கும் ரிவெட் ஆடிக்கொண்டிருந்தது.

சிந்தசைசரில் இது ஏன் பெரிய குறை என்பதற்கு ஒரு கணக்கு போதும். 300 பாகை சுழலும் குமிழ் ஐந்து ஸ்தாயிகளை அடக்கினால், ஒரு சுரஸ்தானத்துக்குக் கிடைப்பது 5 பாகைதான். உள்ளே கார்பன் பட்டைமேல் நகரும் தொடுமுனை ஒரு பாகை துள்ளினாலே சுருதி பிசகுவது காதுக்குத் தெரியும்.

அடுத்த கருவிக்குத் தைவானின் ஆல்ஃபா நிறுவனத்து 16 மி.மீ. வகையை இணையத்தில் வரவழைத்தேன். தண்டைத் திருப்பும்போது முதலிலிருந்து கடைசி வரை ஒரே சீரான இழுவை, பக்கவாட்டில் ஆட்டமில்லை. பனிமூட்டம் சன்னல் வழியே உள்ளே வரும் இரண்டு மழைக்காலங்களைக் கடந்தும் ஒரு குமிழ்கூடக் கரகரக்கவில்லை. விலை கூடுதல்தான், ஆனாலும் சுருதிக்கும் ஃபில்டருக்கும் இனி வேறெதையும் வாங்க மாட்டேன்.

வாங்கும்போது எழுத்தைப் பார்க்க வேண்டும்: இவற்றில் ‘பி’ என்பது நேர்கோட்டு வகை, சுருதி, ஃபில்டர் போன்றவற்றை இயக்கும் கட்டுப்பாட்டு மின்னழுத்தத்துக்கு உரியது, ‘ஏ’ என்பது மடக்கை வகை, ஒலியளவுக்கு உரியது. கார்பன் வகையில் மதிப்பு 20 சதவீதம் கூடவோ குறையவோ இருப்பது இயல்பு. மூன்று கால்களையும் இணைத்து மின்னழுத்தத்தைப் பங்கிடும் இடத்தில் விகிதமே முக்கியம் என்பதால் அது பொருட்டல்ல. இரண்டு கால்களை மட்டும் இணைத்து என்வலப்பின் (ஒலி எழுந்து அடங்கும் விதம்) நேரத்தை நிர்ணயிக்கும் இடத்தில் வேறுபாடு தெரியும். உள்ளே ஒரே முறை சுருதி சேர்ப்பதற்கு, போர்ன்ஸ் 3296 போன்ற 25 சுற்று செர்மெட் (பீங்கான்-உலோகக் கலவை) டிரிம்பாட்டே, அதாவது திருப்புளியால் திருப்பும் சிறு பொட்டன்ஷியோமீட்டரே ஏற்றது.

எந்த வகையானாலும், சால்டர் வைக்கும் முன் நடுக்காலிலும் ஓரக்காலிலும் முள் மீட்டரை வைத்து மெதுவாகத் திருப்பிப் பாருங்கள். டிஜிட்டல் மீட்டரில் தப்பிவிடும் துள்ளலை முள் காட்டிக்கொடுக்கும். கொலுசு கறுப்பதுபோல, வெள்ளி முலாமிட்ட கால்களும் நாள்பட்டால் கறுக்கும். லேசாகத் தேய்த்துவிட்டு, ஒரு காலுக்கு மூன்று நொடிக்கு மேல் சூடு காட்டாமல் முடித்துவிடுங்கள். குமிழ் வாங்கும் முன் தண்டையும் அளந்துகொள்ளுங்கள்: கால் அங்குலக் குமிழ் 6 மி.மீ. தண்டில் ஆடும்.