ஒரு பெரிய திரையா, ஆளுக்கொரு கணினியா?
வகுப்பில் இதயத்தில் ரத்தம் ஓடும் திசையைக் காட்ட, எல்லோரும் சேர்ந்து பார்க்கும் பெரிய திரையான ஸ்மார்ட் போர்டே போதும். மூன்று நிமிட வீடியோவை வால்வு மூடும் இடத்தில் நிறுத்தி, “அடுத்து ரத்தம் எங்கே போகும்?” என்று கேட்டு, பதிலை நோட்டில் வரையச் சொல்லுங்கள். நிறுத்தாமல் ஓடவிட்டால் படம் பார்த்த நினைவுதான் மிஞ்சும். எழுத்து தெரிகிறதா என்று கடைசி பெஞ்சில் உட்கார்ந்து முன்பே பார்த்துவிட வேண்டும். ஜன்னல் வெளிச்சம் திரையில் பட்டுக் கூசினால் பின்வரிசைப் பிள்ளைகள் பாவம், வாயே திறக்க மாட்டார்கள்.

கணினி ஆய்வகம் கை பழக வேண்டிய வேலைக்கு: தமிழ்99 விசைப்பலகை முறையில் தட்டச்சு, எக்செல் அட்டவணை, கட்டங்களை இணைத்து நிரல் எழுதும் ஸ்கிராட்ச். அங்கே திரையைவிட நேரம்தான் பெரிய சிக்கல். முன்கூட்டியே இயக்கி வைக்காவிட்டால் 45 நிமிடப் பாடவேளையில் 10 நிமிடம் லாகின் செய்வதிலேயே போகும். 40 பேருக்கு 20 கணினி என்றால் மவுஸ் துணிச்சலான பிள்ளையிடமே தங்கிவிடும். 8 நிமிடத்துக்கு ஒருமுறை கை மாற்றுங்கள். 20 நிமிடமானதும் எல்லோரும் 20 அடி தொலைவில் உள்ள பொருளை 20 விநாடி பார்க்கட்டும்.

கணக்குப் போடவும் கட்டுரை எழுதவும் இரண்டுமே வேண்டாம். நோட்டும் பேனாவும் போதும். தொடக்க வகுப்புகளுக்கு என் தேர்வு பெரிய திரைதான், அதுவும் பாடவேளைக்கு 10 நிமிடத்துக்குள்.