பாலியில் 'ஏடிவி + எரிமலை' ஒருநாள் டூர் போகப் போறீங்களா? முதல்ல இதைப் படிங்க

விடுமுறைக்குப் பாலி போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன், முக்கியமாகப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போகிறவர்களுக்கு. 'காலையில் ஏடிவி பைக் (மண்ணிலும் சேற்றிலும் ஓட்டுகிற நாலு சக்கர வண்டி), மதியம் எரிமலை, ஒரே நாள், ஒரே விலை' என்று அங்கே தெருவுக்குத் தெரு விற்கிறார்கள். அதில் நாங்கள் நான்கு பேர் போய்ப் பட்டுவிட்டு வந்தோம்: நான், என் கணவர், பத்தாவது பரீட்சை எழுதி முடித்திருந்த என் மகன், என் தம்பி. பணம் போனதுகூடப் பரவாயில்லை. பிரேக் பிடிக்காத வண்டியில் பிள்ளையை ஏற்றிவிட்டோமே என்கிற நினைப்பு இன்னும் என்னை விடவில்லை.

கூத்தாவில் தங்கியிருந்தோம். கடற்கரைக்குப் போகிற தெருவில் டூர் கவுன்ட்டர்கள் வரிசையாக இருக்கும். அதில் ஒன்றில் ஒரு பெரிய போஸ்டர். கரிய மண்ணைக் கிளப்பிக்கொண்டு குவாட் பைக்கில் இரண்டு பேர், அவர்கள் முதுகுக்குப் பின்னாலேயே எரிமலை, உச்சியில் சிவப்பாக நெருப்புக் குழம்பு. என் மகன் அதைப் பார்த்ததும் அங்கேயே நின்றுவிட்டான். கவுன்ட்டரில் இருந்த பையன் பதமாகப் பேசினான். எங்கள் ஊரைக் கேட்டான், சாப்பாடு வெஜ்ஜா என்று அவனாகவே கேட்டான். ஆளுக்கு 9 லட்சம் ரூபியா என்றான். இரண்டு மணி நேரம் ஏடிவி, ஆளுக்கொரு வண்டி, எரிமலை, மலையைப் பார்த்தபடி மதியச் சாப்பாடு, நுழைவுக் கட்டணம், இன்சூரன்ஸ் எல்லாம் அதிலேயே அடக்கம் என்றான். தனி வேன் வரும் என்றும் சொன்னான். நாங்கள் போன சமயம் ஒரு லட்சம் ரூபியா நம்ம பணத்தில் ஐந்நூற்றுச் சொச்சம். நாலு பேருக்கும் சேர்த்து ஏறக்குறைய 19,000 ரூபாய். முழுசையும் ரொக்கமாக வாங்கிக்கொண்டான். அவன் கொடுத்த சீட்டில் 'ஏடிவி + எரிமலை, 4 பேர்' என்று மட்டும்தான் எழுதியிருந்தது. எந்த ஊரில் ஏடிவி என்று இல்லை, எத்தனை வண்டி என்று இல்லை.

எங்களுக்குத் தெரியாமல் போன விஷயம் இதுதான். ஏடிவி ஓட்டுகிற இடமும் எரிமலையும் பெரும்பாலும் ஒரே இடத்தில் இருப்பதில்லை. இந்த டூர்களில் வருகிற ஏடிவி தடங்கள் அதிகமும் உபுத் என்கிற ஊரைச் சுற்றியிருக்கிற கிராமங்களில்தான், வயலும் தோப்பும் ஓடையுமாக. பத்தூர் எரிமலை இருப்பது மலைமேல் இருக்கிற கிந்தாமணிப் பகுதியில். உபுத்திலிருந்தே மலையேற ஒரு மணி நேரம் ஆகும். கூத்தாவிலிருந்து என்றால் இரண்டு மணி நேரம், டிராஃபிக்கில் மாட்டினால் அதற்கும் மேலே. போஸ்டரில் இருந்த கரிய மண் நிஜம்தான். பத்தூர் அடிவாரத்தில் பழைய லாவா உறைந்து கிடக்கிற பரப்பு அது. அங்கே ஜீப்பிலும் ஏடிவியிலும் கூட்டிப்போகிறவர்கள் தனியாக இருக்கிறார்கள். இவர்கள் அந்தப் படத்தை ஒட்டிவைத்து எங்களை வயல்காட்டுக்குக் கூட்டிப்போனார்கள். அந்தச் சிவப்பு நெருப்பு சுத்தப் பொய். பத்தூர் கடைசியாகக் குமுறியது 2000-இல்.

காலை 7 மணிக்கு என்று சொன்ன வேன் 8:20-க்கு வந்தது. உள்ளே ஏற்கெனவே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். முதல் நிறுத்தம் வெள்ளி நகைக்கடை, 40 நிமிடம். அடுத்து லுவாக் காப்பித் தோட்டம். காப்பிப் பழத்தைத் தின்று கொட்டையை எச்சத்தில் கழிக்கிற மரநாயைக் கூண்டில் அடைத்து வைத்திருந்தார்கள். இராத்திரியில் உலவுகிற பிராணி அது. பட்டப்பகலில் கம்பியை ஒட்டி இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தது. என்னால் பார்க்க முடியவில்லை, வெளியே வந்துவிட்டேன். காப்பி வாங்காததால் டிரைவர் முகம் மாறிவிட்டது.

ஏடிவி இடத்தில் இறங்கும்போது மணி 11:10. பைகளை லாக்கரில் வைத்துப் பூட்டி, சாவியை அவர்களே வாங்கி ஆணியில் மாட்டிக்கொண்டார்கள். சேற்றில் தொலைந்துவிடும் என்று காரணம் சொன்னார்கள். அப்போது அது சரியாகத்தான் பட்டது. பிறகு கையெழுத்துப் போட இரண்டு பக்கத்துக்கு ஒரு ஃபாரம். தம்பி நின்று முழுசாகப் படித்தான். "அக்கா, வண்டிக்கு என்ன ஆனாலும் நாமதான் கட்டணும்னு போட்டிருக்கு. நமக்கு அடிபட்டா அவங்க பொறுப்பில்லையாம்." எல்லாரும் போடுகிற கையெழுத்துதான் என்று வழிகாட்டி சிரித்தார். அதோடு இன்னொன்று: எங்கள் சீட்டுக்கு இரண்டு பேருக்கு ஒரு வண்டிதானாம். மூன்றாவது வண்டி வேண்டுமென்றால் 3 லட்சம் ரூபியா. கவுன்ட்டர் பையனை வாட்ஸ்அப்பில் கூப்பிட்டோம், எடுக்கவில்லை. மகன் தனியாக ஓட்டப்போகிறேன் என்று முந்தின நாளிலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தான். கொடுத்தோம். கிளம்பும் முன் போன்களையும் மிச்சப் பணத்தையும் அதே லாக்கரில் வைக்கச் சொன்னார்கள்.

மகனுக்குக் கொடுத்த ஹெல்மெட்டில் தாடைப்பட்டையின் கொக்கி இல்லை. இரண்டு பக்கப் பட்டையையும் சேர்த்து முடிச்சுப் போட்டுவிட்டார்கள். வேறு கேட்டேன், அந்த அளவில் வேறு இல்லை என்றார்கள். வண்டியில் உட்கார்ந்து பிரேக்கை அமுக்கியதும் அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். "அம்மா, இது ஒண்ணுமே பிடிக்க மாட்டேங்குது." அந்த லிவர் கைப்பிடியைத் தொடுகிற வரைக்கும் தொளதொளவென்று வந்தது. வழிகாட்டி வந்து ஒரு தடவை அமுக்கிப் பார்த்தார். "மெதுவாகப் போனால் போதும்" என்றார். அந்த இடத்தில் நான் பிள்ளையை இறக்கியிருக்க வேண்டும். பணம் கொடுத்துவிட்டோம், பின்னால் ஆட்கள் காத்திருக்கிறார்கள், அவன் ஆசைப்படுகிறான் என்று வாயை மூடிக்கொண்டேன்.

ஏடிவி ஓட்டாதவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். இதில் ஆக்சிலேட்டரை முறுக்குவதில்லை. வலது கட்டைவிரலால் தள்ளுகிற சின்ன லிவர் அது. பயத்தில் கைப்பிடியை இறுக்கிப் பிடித்தால் கட்டைவிரலும் சேர்ந்து அழுத்தும், நிற்க வேண்டிய வண்டி பாயும். இதை முதலிலேயே சொல்லிக்கொடுத்து, சமதரையில் நாலு சுற்று ஓட்டவிட்டுத்தான் அனுப்ப வேண்டும். எங்களுக்கு அரை நிமிடம்கூடச் சொல்லித்தரவில்லை.

ஓடைக்கு இறங்குகிற சரிவில்தான் நடந்தது. முன்னால் போன வண்டி நின்றது, மகனால் நிறுத்த முடியவில்லை. இடித்துவிடக் கூடாதென்று ஓரமாக ஒடித்து மண்கரையில் மோதினான். ஹேண்டில் நெஞ்சில் இடித்து, இடது மணிக்கட்டு மடங்கிவிட்டது. நாங்கள் இறங்கி ஓடினோம். ஹெல்மெட் கழன்று தண்ணீர் ஓரம் கிடந்தது. கடவுள் புண்ணியம், தலையில் அடியில்லை. வழிகாட்டி முதலில் குனிந்து பார்த்தது வண்டியின் முன்பக்கத்தை. அதை நான் மறக்கவே மாட்டேன்.

திரும்பி வந்ததும் மேலாளர் மாதிரி ஒருவர் வந்தார். முன் பம்பரில் ஒரு விரிசலைக் காட்டி 25 லட்சம் ரூபியா கேட்டார். என் கணவர் சாதாரணமாகக் குரல் உயர்த்தாதவர். "பிரேக் இல்லாத வண்டியைக் கொடுத்ததுக்கு நாங்கதான் உங்ககிட்ட கேக்கணும்" என்று சத்தம் போட்டார். அந்த மேலாளர் பதட்டமே படவில்லை. எங்கள் கையெழுத்தை விரலால் தட்டிக் காட்டினார். லாக்கர் சாவி அவர்கள் கையில். போன், பணம், மாற்றுத்துணி எல்லாம் உள்ளே. டிரைவரோ கணக்கை முடிக்காமல் வேனை எடுக்க முடியாது என்று நிழலில் போய் உட்கார்ந்துவிட்டார். மகன் கையைப் பிடித்தபடி பெஞ்சில் இருக்கிறான், மணிக்கட்டு வீங்கிக்கொண்டே வருகிறது. தம்பிதான் சொன்னான்: "விடுங்க மாமா, பையனை முதல்ல டாக்டர்கிட்ட காட்டணும்." 12 லட்சத்துக்குப் பேசி முடித்தோம், நம்ம பணத்தில் 6,000 ரூபாய்க்கு மேல். அதற்கு ரசீதும் இல்லை. இரண்டு மணி நேரம் என்று விற்றார்களே, அதில் வண்டியில் உட்கார்ந்திருந்தது 45 நிமிடம்கூட இருக்காது. உடுப்பு மாற்றுவது, கையெழுத்து, போட்டோ, குளியல் எல்லாம் அந்த இரண்டு மணி நேரத்துக்குள்தான் கணக்கு.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னோம். மற்ற மூன்று பேரும் எரிமலை பார்க்க வேண்டுமே என்று டிரைவர் மலையேற்றிவிட்டார். வழியில் செக்போஸ்ட்டில் நுழைவுக் கட்டணத்தை எங்களிடம் தனியாக வாங்கினார்கள். பெனலோக்கான் போய்ச் சேரும்போது மணி 3:10. பெனலோக்கான் என்றாலே அவர்கள் பாஷையில் பார்க்கிற இடம் என்று அர்த்தமாம். எதிரே வெள்ளையாக மேகம், வேறொன்றும் இல்லை. மலையும் தெரியவில்லை, ஏரியும் தெரியவில்லை. அன்றைக்கு மட்டும் அப்படி ஆகிவிட்டது என்று டிரைவர் சொன்னதை நம்பாதீர்கள். வெயில் ஏற ஏற ஈரக்காற்று சரிவு வழியாக மேலே கிளம்பி உயரத்தில் குளிர்ந்து மேகமாகிவிடும். மலை தெளிவாகத் தெரிவது அநேகமாகக் காலை வேளையில்தான். எரிமலையைப் பிற்பகலுக்கு வைக்கிற எவருக்கும் இது தெரியாமல் இருக்காது. பஃபேயை எடுத்துவைத்துக்கொண்டிருந்தார்கள். 'வெஜ்' என்று எங்களுக்குக் கிடைத்தது வெறும் சோறு, வெள்ளரிக்காய், வாழைப்பழ பஜ்ஜி. 25 நிமிடத்தில் கிளம்பச் சொல்லிவிட்டார்கள்.

இராத்திரி கிளினிக்கில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பு முறியவில்லை, சுளுக்கு, கட்டுப் போட்டார்கள். ஊரிலிருந்து எடுத்துப்போன டிராவல் இன்சூரன்ஸைப் பிரித்துப் பார்த்தால், சாகச விளையாட்டுக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால்தான் செல்லுமாம். உங்கள் பாலிசியில் அந்த வரி இருக்கிறதா என்று கிளம்புவதற்கு முன்பே தேடிப் பாருங்கள். டூர்காரர்கள் சொன்ன இன்சூரன்ஸுக்கு ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது.

அறைக்கு வந்து மகன் போனைப் பார்த்துக்கொண்டிருந்தவன் திடீரென்று என்னைக் கூப்பிட்டான். ஓட்டக் கிளம்புவதற்கு முன், போனை லாக்கரில் வைக்கும் முன், அந்த வண்டியோடு ஒரு செல்ஃபி எடுத்திருக்கிறான். பெரிதாக்கிக் காட்டினான். முன் பம்பரில் அதே இடத்தில் அதே விரிசல். விரிசலுக்குள் சேறு காய்ந்து வெளுத்துப்போய் இருந்தது. என்றைக்கோ உடைந்த பம்பர். எங்களுக்கு முன்னால் எத்தனை பேர் அதற்குப் பணம் கொடுத்தார்களோ.

மறுநாள் காலை கவுன்ட்டருக்குப் போனோம். அந்தப் பையன் இல்லை, வேறொரு பெண் இருந்தாள். ஏடிவி நடத்துகிறவர்கள் வேறு, நாங்கள் டிக்கெட் மட்டும்தான் விற்கிறோம் என்றாள். என் கணவர் 'ஆளுக்கொரு வண்டி' என்று அந்தப் பையன் வாட்ஸ்அப்பில் அனுப்பியிருந்த செய்தியைக் காட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் அங்கேயே நின்றார். மூன்றாவது வண்டிக்கு வாங்கிய 3 லட்சம் திரும்ப வந்தது. எழுத்தில் இருந்தது அது ஒன்றுதான், அதனால் அது ஒன்றுதான் கிடைத்தது. பம்பர் பணம் போனது போனதுதான்.

ஆகவே போகிறவர்கள் பணம் கொடுக்கும் முன்பே இதையெல்லாம் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்குங்கள்: ஏடிவி எந்தக் கிராமத்தில், சக்கரம் உருள்வது எத்தனை நிமிடம், ஆளுக்கொரு வண்டியா, நடுவில் எந்தக் கடைகளில் நிறுத்துவார்கள், மலைக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேருவோம். வண்டியில் ஏறும் முன் நாலு பக்கமும், அடிப்பக்கமும் சேர்த்து, அவர்கள் கண்ணெதிரிலேயே வீடியோ எடுங்கள். பிரேக்கை நீங்களே அமுக்கிப் பாருங்கள். பிடிக்காவிட்டால் ஏறாதீர்கள், பிள்ளை அழுதாலும் ஏற்றாதீர்கள். லாக்கர் சாவி உங்கள் கழுத்தில் தொங்கட்டும்.

ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள், தங்கியிருந்த இடத்துக் காவலாளி தன் சொந்தக்காரர் ஒருவரைக் காரோடு ஏற்பாடு செய்து கொடுத்தார். ஒரு நாள் முழுக்க நாலு பேருக்கும் சேர்த்து ஏழரை லட்சம் ரூபியா. விடியற்காலை 4:30-க்குக் கிளம்பி 6:30-க்கு அதே பெனலோக்கானில் நின்றோம். கண்ணுக்கு எட்டிய மட்டும் ஒரு பெரும் பள்ளம். ஆதியில் இருந்த பெரிய மலை வெடித்து உள்வாங்கியதால் உண்டான கிண்ணம் அது, குறுக்கே பத்துக் கிலோமீட்டருக்கு மேல். அதன் நடுவில் 1,717 மீட்டர் உயரத்தில் பத்தூர், காலடியில் பிறை மாதிரி ஏரி, அந்தப் பக்கம் ஆபாங் மலை, அதற்கும் பின்னால் ஆகூங்கின் உச்சி. 1963-இல் வெடித்து ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்ட எரிமலை அது. பத்தூரின் சரிவில் தார் ஊற்றியதுபோல லாவா வழிந்து உறைந்த தடம். 1926-இல் வந்த லாவா கீழே இருந்த பத்தூர் கிராமத்தையே மூடிவிட்டதாம். ஊர் ஜனங்கள் ஏரித் தாய்க்கான கோயிலையும் இடம் மாற்றி, இந்த விளிம்பின் மேல் திரும்பக் கட்டிக்கொண்டார்கள். அந்தக் கோயிலையும் அன்று பார்த்தோம்.

மகன் ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை. இடது கையில் கட்டு, வலது கையால் மட்டும் போனைப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டிருந்தான். நாங்கள் இறங்கும்போது மணி பத்தரை இருக்கும். சரிவிலிருந்து மேகம் ஏற ஆரம்பித்திருந்தது. எதிரே டூர் வேன்கள் ஒன்றன்பின் ஒன்றாக மேலே போய்க்கொண்டிருந்தன.