ஃபேனுக்கும் லைஃபைக்கும் ஆகாது: 14 மாத அனுபவம்

அல்சூரில் எங்கள் அபார்ட்மென்ட்டில் வைஃபை பட்டியலைத் திறந்தால் முப்பது பெயர் வரிசைகட்டி நிற்கும். சாயங்காலமானால் எல்லார் வீட்டிலும் மீட்டிங். அந்த நெரிசலில் இருந்து தப்பிக்கத்தான், ரேடியோ அலைக்குப் பதில் ஒளியில் இன்டர்நெட் தரும் லைஃபை செட் ஒன்று வாங்கினேன். சீலிங்கில் ஒரு பெட்டி, லேப்டாப்பில் செருக ஒரு டாங்கிள். இரண்டும் கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு ஒளியில் பேசிக்கொள்ளும். கம்பெனி பெயர் வேண்டாம்.

2011இல் விஞ்ஞானி ஹரால்ட் ஹாஸ் மேசை விளக்கின் வெளிச்சத்தில் வீடியோ ஓட்டிக் காட்டினாரே, அந்த வம்சம்தான் இது. 2023இல் 802.11பிபி என்று இதற்கு ஒரு பொது ஸ்டாண்டர்டும் வந்துவிட்டது. என் செட் அதன்படி செய்ததல்ல. அதே கம்பெனி டாங்கிளைத் தவிர வேறு எதையும் சட்டை செய்யாது.

அட்டைப்பெட்டியில் வேகம் 150 எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு 150 மெகாபிட், என்று போட்டிருந்தது. நேர் கீழே உட்கார்ந்தால் 110 வந்தது. மூன்றடி தள்ளினால் 40. சரி, ஒளி அப்படித்தான் என்று விட்டுவிட்டேன்.

மார்ச்சில் வெயில் ஏற, ஃபேனைப் போட்டேன். அன்றிலிருந்து மீட்டிங்கில் என் குரல் கரகரவென்று அறுந்து அறுந்து போகிறது என்றார்கள். இரண்டு நாள் ரவுட்டரைத் திட்டினேன். பிறகு போனின் செல்ஃபி கேமராவைப் பெட்டிப் பக்கம் திருப்பிப் பார்த்தேன். அகச்சிவப்பு அதில் வெளிர் ஊதாப் புள்ளியாகத் தெரியும். ஃபேன் சுற்றச் சுற்ற அந்தப் புள்ளி கண் சிமிட்டுகிறது! மூன்று இறக்கை, நிமிஷத்துக்கு 300 சுற்று என்றால் நொடிக்கு 15 வெட்டு. வெட்டில் தொலைந்த டேட்டா துண்டை ஒவ்வொரு தடவையும் திரும்ப அனுப்ப வேண்டும்.

எலக்ட்ரீஷியன் அண்ணன் மேலே பார்த்துவிட்டு, "ஃபேனை நகத்தவா சார், இந்த டப்பாவ நகத்தவா? ஒண்ணு சொல்லுங்க" என்றார். டப்பாவைத்தான். மேசைக்கு நேர் மேலே, இரண்டடிக் கம்பியில் இறக்கித் தொங்கவிட்டார். மேசைக்கும் அதற்கும் ஏழடி இருந்தது ஐந்தடி ஆனது. தூரத்தின் வர்க்கத்தில் ஒளி குறைவதால், இப்போது விழுவது ஏறக்குறைய இரட்டிப்பு. வேகம் இரட்டிக்கவில்லை, 135இல் நிலையாக நின்றது. ஆனால் ஒளி விழும் வட்டமும் சுருங்கிவிட்டது. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு சாயும் சுகம் போச்சு.

அடுத்த தொல்லை மேற்கு ஜன்னல். நாலு மணி வெயில் டாங்கிள்மேல் விழுந்தால் வேகம் பாதியாகும். வெயிலிலும் அகச்சிவப்பு ஏராளம்; அதன் இரைச்சலில் நம் சிக்னல் முங்கிவிடுகிறது. கறுப்புத் துணி ஒன்றைத் தொங்கவிட்டேன். அறை இருட்டானதுதான் மிச்சம், வேகம் ஏறவில்லை. கண்ணுக்குக் கறுப்பாகத் தெரியும் பல சாயங்கள் அகச்சிவப்பைத் தாராளமாக விட்டுவிடுமாம். உள்பக்கம் வெள்ளிப் பூச்சுள்ள திரை வாங்கிய பிறகுதான் தீர்ந்தது.

அப்லோடு மட்டும் ரொம்ப நாள் சுணங்கியது. டாங்கிள் லேப்டாப்பின் பக்கவாட்டில் இருந்ததால் என் கையே அதை மறைத்திருக்கிறது. ஒரு யூஎஸ்பி எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு மானிட்டர் தலைமேல் ஒட்டிவிட்டேன். இந்தச் செட்டுக்கு நான் செய்ததிலேயே மலிவான, உருப்படியான வேலை அதுதான். லென்ஸில் படியும் தூசியை மாதத்துக்கு ஒருமுறை துடைத்தால் போதும்.

அம்மா காபியோடு மேசைமேல் குனிந்தால் முன்பெல்லாம் லைன் செத்துவிடும். சுவருக்கு வெள்ளை அடித்த பிறகு 20 எம்பிபிஎஸாவது தங்குகிறது, சுவரில் பட்டுத் தெறிக்கும் ஒளியால். சுற்றி வரும் ஒளி அடிக்கு ஒரு நானோ நொடி தாமதமாக வரும். சின்ன அறையில் அது உறுத்தவில்லை.

ஒரே மேசையில் வேலை செய்பவர் தாராளமாக வாங்கலாம். போனோடு வீடு முழுக்க அலைபவர் வைஃபையிலேயே இருக்கட்டும். ஹாலுக்கும் ஒன்று மாட்டலாமா என்று விசாரித்தேன். இரண்டாவது பெட்டியும் முதல் பெட்டி விலைதான் என்றார்கள். ஹாலில் இன்னும் வைஃபைதான்.