பிரீஸ்ட், வெஸ்பெ, ஹும்மெல்: வீட்டு மேசைக்கு எந்த பீரங்கி வண்டி?

போல்ட் ஆக்‌ஷன் என்ற இரண்டாம் உலகப் போர் பொம்மைப்படை மேசை விளையாட்டை ஆடுபவர்கள் பீரங்கி வண்டி வாங்கும்போது முதலில் பார்ப்பது குழாயின் விட்டத்தை. ஜெர்மன் ஹும்மெலில் 15 செ.மீ., மற்ற இரண்டிலும் (அமெரிக்க பிரீஸ்ட், ஜெர்மன் வெஸ்பெ) 10.5 செ.மீ., அப்படியானால் ஹும்மெல்தானே என்று முடிவெடுத்துவிடுகிறார்கள். கீழக்கரையிலோ மண்டபத்திலோ வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஆடப் போகிறவர் அதற்கு முன் ஒரு அளவு டேப்பை எடுப்பது நல்லது.

இங்கே சொல்வதெல்லாம் 2016-இல் வந்த இரண்டாம் பதிப்பு விதிப்படி. 2024-இல் வந்த மூன்றாம் பதிப்பில் ஆடுபவர்கள் எண்களை அதன் அட்டவணையோடு ஒருமுறை ஒப்பிட்டுக்கொள்ளவும்.

ஹோவிட்சர் என்பது குண்டை உயர வளைத்தும் சுடக்கூடிய பீரங்கி. நடுத்தர ஹோவிட்சருக்கு (பிரீஸ்ட், வெஸ்பெ) வீச்சு 60 அங்குலம். மறைவிலிருந்து வளைத்துச் சுடும்போது 30 அங்குலத்துக்குள் இருப்பவனைத் தொட முடியாது. கனரக ஹோவிட்சருக்கு (ஹும்மெல்) வீச்சு 72, குறைந்தபட்சம் 36. இதை 6×4 அடி மேசையில் வைத்துப் பாருங்கள். வண்டி நம் பக்க விளிம்பில் நிற்கிறது, எதிரி எதிர் விளிம்பிலிருந்து 12 அங்குலத்துக்குள் படையை இறக்குகிறார். அவருடைய முன்வரிசை சரியாக 36 அங்குலத்தில் இருக்கும். அவர்கள் ஒரு எட்டு முன்னால் எடுத்துவைத்தால் போதும், ஹும்மெல் அவர்களை வளைத்துச் சுட முடியாது. பிரீஸ்டுக்கும் வெஸ்பெக்கும் இன்னும் 6 அங்குலம் மிச்சம். காலாட்படை ஓடினால் ஒரே சுற்றில் 12 அங்குலம் கடந்துவிடும் என்பதால் அந்த மிச்சமும் நெடுநேரம் நிற்காது.

மேசை 5×3 அடி என்றால் கதை இன்னும் மோசம். நேர் எதிரே 36 அங்குலம்தான் மொத்த ஆழமே. ஹும்மெலுக்கு நேராக வளைத்துச் சுட இலக்கே கிடையாது. மூலையில் நிறுத்தி எதிர் மூலையைக் குறிபார்த்தால் 70 அங்குலம் கிடைக்கும், ஆனால் அந்த மூலையில் யாராவது நிற்க வேண்டுமே! ஹும்மெலின் 4 அங்குல டெம்ப்ளேட்டின் (குண்டு வெடிக்கும் இடத்தில் வைக்கும் வட்டத் தகடு) பரப்பு மற்ற இரண்டின் 3 அங்குல டெம்ப்ளேட்டைவிட முக்கால் மடங்குக்கும் மேல் அதிகம் என்பது உண்மைதான். எதிரி ஆட்களைப் பரப்பி நிறுத்தத் தெரிந்தவர் என்றால் அதிலும் பாதி வீண்.

வளைத்துச் சுடுவதன் கணக்கும் பலர் நினைப்பதுபோல் இல்லை. முதல் முறை பகடையில் 6 விழுந்தால்தான் அடி. நம் வண்டியும் இலக்கும் அசையாமல் இருந்தால் அடுத்த முறை 5 அல்லது மேல் போதும், அதற்கடுத்து 4 அல்லது மேல். இப்படி மூன்று முறைக்குள் ஒன்றாவது விழ 72 சதவீதம் வாய்ப்பு, இரண்டு முறைக்குள் என்றால் 44. இலக்கு ஒவ்வொரு சுற்றும் நகர்ந்துகொண்டே இருந்தால் திரும்பத் திரும்ப 6 வேண்டும், மூன்று முறைக்கும் சேர்த்து 42 சதவீதம்தான். ஆகவே முன்னேறி வரும் காலாட்படை மேல் குண்டை வீணாக்காதீர்கள். டாங்கி எதிர்ப்புப் பீரங்கி, மோட்டார், இயந்திரத் துப்பாக்கிக் குழு மாதிரி ஓரிடத்தில் வேரூன்றி நிற்பவைதான் சரியான இலக்கு. அவற்றை எதிரி நகர்த்தினால் அந்தச் சுற்றில் அவை சுடவில்லை. அதுவும் நமக்கு லாபமே.

எதிரி கிட்டே வந்த பிறகு நேராகச் சுட வேண்டியதுதான். அப்போது பகடையில் 3 அல்லது மேல் விழுந்தால் அடி. வெட்டவெளியில் 24 அங்குலத்தில் நிற்கும் அணிமேல் மூன்றில் இரண்டு முறை விழும். புதர் மறைவு இருந்தால் பகடை எண்ணில் ஒன்று குறையும், சுவர் என்றால் இரண்டு. பிரீஸ்ட் மற்ற இரண்டையும் முந்துவது இங்கேதான். வட்ட வளையத்தில் நிற்கும் .50 காலிபர் இயந்திரத் துப்பாக்கி, ஹோவிட்சர் ஒரு பக்கம் சுட, நெருங்கி வரும் இன்னொரு அணியைக் கவனித்துக்கொள்ளும். மூன்று வண்டிகளுக்கும் பொதுவான பலவீனம் திறந்த மேல்பகுதி. மூடிய டாங்கிமேல் ரைபிள் தோட்டா பட்டால் ஒன்றுமில்லை, இவற்றுக்கு ‘பின்’ (படையைத் தடுமாற வைக்கும் அடையாளம்) விழும். அசல் வண்டிகளிலும் ஜெர்மன் பக்கக் கவசம் 10 மி.மீ. அளவுதான், பிரீஸ்டின் பக்கவாட்டு 12.7. ரைபிள்காரன் 24 அங்குலத்துக்குள் வராதபடி ஒரு அணியைக் காவலுக்கு வைப்பது கட்டாயம்.

காலம் பார்த்து ஆடுபவர்களுக்கு ஒரு வார்த்தை. நம் கடற்கரை மணலைப் பார்த்தால் வட ஆப்பிரிக்கா மேசை போடத்தான் கை பரபரக்கும். 1942 அக்டோபர் எல் அலமெய்ன் போரில் பிரிட்டிஷ் படை பிரீஸ்டை இறக்கியது. வெஸ்பெயும் ஹும்மெலும் பெரிய அளவில் களம் கண்டது 1943 ஜூலையில், ரஷ்யாவின் கூர்ஸ்க்கில். எனவே பாலைவன மேசையில் பிரீஸ்ட் மட்டுமே பொருந்தும்.

ஒட்டுவதில் வெஸ்பெ சின்னது, 1/56 அளவில் 86 மி.மீ. நீளம். பிரீஸ்ட் 108, ஹும்மெல் 128. ஆட்கள் முறையே ஐந்து, ஏழு, ஆறு. திறந்த வண்டி என்பதால் உள்பக்கத்தை முதலில் பெயின்ட் அடித்துவிட்டுத்தான் பக்கச் சுவர்களை ஒட்ட வேண்டும், பிறகு பிரஷ் நுழையாது. பிரீஸ்டுக்கு உள்ளும் புறமும் ஆலிவ் பச்சை, ஜெர்மன் வண்டிகளுக்கு உள்ளேயும் அடர்மஞ்சள்.

ஹும்மெலின் நீண்ட குழாய் ரெசினாக இருந்தால் சித்திரை வெயிலில் தலை குனியும். தொட்டால் சுடும் அளவு வெந்நீரில் அரை நிமிடம் முக்கி, நிமிர்த்தி, உடனே குளிர்ந்த நீரில் விடவும். அடுத்த கோடையில் மறுபடி வளையும். பித்தளைக் குழாய் மாற்றுவதே நிரந்தரம். பிரீஸ்டின் குட்டைக் குழாய்க்கு இந்தத் தொல்லை குறைவு.

உப்புக்காற்று எல்லா வண்டிக்கும் எதிரிதான். ஐப்பசி, கார்த்திகையில் வாடை வீசும்போது ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் மேற்பரப்பு மாவு பூத்ததுபோல் ஆகும், மேட் வார்னிஷ் வெளுத்துவிடும். அந்த இரண்டு மாதமும் பிரஷ்ஷால் அக்ரிலிக் பிரைமர் பூசுங்கள். மற்ற நாட்களில் காற்றின் ஈரம் குறைந்த முற்பகலின் பின்பகுதியில், கடற்காற்று மணலை அள்ளிவரும் முன், அட்டைப்பெட்டிக்குள் வைத்து அடிக்கலாம். சூப்பர் க்ளூவின் ஆவி மூடிய உள்ளறையில் வெள்ளைப் படலமாகப் படியும். உள்பாகங்களுக்கு அரால்டைட் மேல். கழற்றி மாட்ட வைக்கும் காந்தத்தின் நிக்கல் பூச்சு கீறினால் துரு பிடித்துப் பெயின்ட்டைத் தள்ளும். ஒட்டும் முன் நெயில் பாலிஷ் ஒரு பூச்சு கொடுத்துவிடுங்கள்.

பேஸுக்கு (மாதிரிகள் நிற்கும் அடித்தட்டு) கடல் மணலை அப்படியே போடக் கூடாது. நல்ல தண்ணீரில் மூன்று நான்கு முறை அலசி, காயவைத்து, டீ வடிகட்டியில் சலித்துப் போடவும். உப்பு இருந்தால் ஈரத்தை இழுத்து ஃபெவிகால் பிடிக்காமல் உதிரும். மரத்துக்குச் சீமைக்கருவேலக் குச்சி, உயரப் புல்லுக்குப் பனைநார், இரண்டுக்கும் இந்த மாவட்டத்தில் பஞ்சமில்லை. பாறைக்குப் பவளத் துண்டு மட்டும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

மூன்றில் ஒன்று என்றால் 6×4 மேசைக்குப் பிரீஸ்ட். ஜெர்மன் படைதான் வேண்டும் என்றால் வெஸ்பெ. ஹும்மெல் இருவர் இருவராக ஆடும் 8 அடி மேசைக்கு மட்டும்.

ஆனால் வாங்கும் முன் நான்காவது ஒன்றையும் எடைபோட வேண்டும்: இழுத்துச் செல்லும் பீரங்கி. ஒரு பிளட்டூனில் (நாம் மேசையில் இறக்கும் படைப்பிரிவு) டாங்கி, டாங்கி அழிப்பான், பீரங்கி வண்டி, விமான எதிர்ப்பு வண்டி இவற்றில் ஒன்றுக்குத்தான் இடம். பிரீஸ்டை எடுத்தால் ஷெர்மன் கிடையாது, வெஸ்பெயை எடுத்தால் பான்சர் IV கிடையாது. சக்கரப் பீரங்கிக்கு இடம் தனி. 105 மி.மீ. எம்2ஏ1-ஓ, 10.5 செ.மீ. ஜெர்மன் ஹோவிட்சரோ எடுத்தால் அதே 3 அங்குல டெம்ப்ளேட், குறைந்த புள்ளி (படை சேர்க்கச் செலவிடும் மதிப்பு), டாங்கியும் கையில். அதன் குறை, ஒருமுறை நிறுத்தினால் நிறுத்தியதுதான். மோட்டார் குண்டு ஒன்று சரியாக விழுந்தால் பீரங்கி நிற்கும், சுட ஆள் இருக்காது. எதிராளி மோட்டாரை விரும்பி எடுப்பவர் என்றால் வண்டி. இல்லையென்றால் சக்கரப் பீரங்கியை நம் விளிம்பில் ஒரு பனங்கூட்டத்துக்குப் பின்னால் நிறுத்திவிட்டு, மிச்சப் புள்ளியில் டாங்கியை எடுங்கள்.