தீயணைப்பாளர் பிசிக்கல் பயிற்சி, மதுரை: கயிறுக்கு நம்பிப் போகலாம், வகுப்புக்கு வேண்டாம்

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு செம்மண் மைதானத்தில் விடிகாலை 5 மணிக்கு நடக்கும் பிசிக்கல் பேட்ச் பற்றிய மதிப்புரை இது. குறைகளும் சொல்ல வேண்டியிருப்பதால் மையத்தின் பெயர் இங்கே வேண்டாம். இதே மாதிரி பேட்ச்கள் மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கமும் நடக்கின்றன. எதில் சேர்ந்தாலும் பார்க்க வேண்டியது ஏறக்குறைய ஒன்றுதான்.

முதலில் மதிப்பெண் கணக்கு. இது தெரியாமல் பணம் கட்டிவிட்டுப் பிறகு வருந்துகிறவர்கள் நிறைய. தமிழ்நாடு சீருடைப் பணியாளர் தேர்வாணையம் இரண்டாம் நிலைக் காவலர், சிறைக் காவலர், தீயணைப்பாளர் மூன்றுக்கும் ஒரே தேர்வாக நடத்துகிறது. பத்தாம் வகுப்பு தேர்ச்சி போதும். தமிழ்த் தகுதித் தேர்வில் 80 கேள்வி, அதில் 32 எடுத்தால்தான் அடுத்த விடைத்தாளைத் திருத்துவார்கள், ஆனால் அந்த மதிப்பெண் தரவரிசையில் சேராது. முதன்மைத் தேர்வு 70: பொது அறிவு 45, உளவியல் 25. உடல்திறன் போட்டிக்கு (கயிறு ஏறுதல், தாண்டுதல், குறுகிய ஓட்டம்) 24. என்சிசி, என்எஸ்எஸ், விளையாட்டுச் சான்றிதழ்களுக்கு 6. ஆக மொத்தம் 100. 1500 மீட்டர் ஓட்டத்துக்கு மதிப்பெண் கிடையாது, 7 நிமிடத்துக்குள் முடித்தால் உள்ளே, இல்லையென்றால் வெளியே.

இந்த மையத்தின் பலம் அந்த 24 மதிப்பெண்ணில் இருக்கிறது. பலவீனம் 70-இல்.

ஓட்டப் பயிற்சி நன்றாக இருக்கிறது. மைதானம் சின்னது, சுண்ணாம்புக் கோடு போட்ட சுற்று 200 மீட்டர்தான். 1500-க்கு ஏழரைச் சுற்று வரும். 7 நிமிடம் என்றால் சுற்றுக்கு 56 விநாடி. மாஸ்டர் ஒவ்வொரு சுற்றுக்கும் விநாடியைச் சத்தமாகச் சொல்கிறார். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் செய்யும் தவறை இது ஒரே வாரத்தில் திருத்திவிடுகிறது. கூட்டத்தோடு விசிலுக்குக் கிளம்பி முதல் இரண்டு சுற்றை 42, 43-இல் ஓடிவிட்டு ஐந்தாவது சுற்றில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நடப்பதுதான் அந்தத் தவறு. 54, 54, 54 என்று ஒரே சீராகப் போனால் 6 நிமிடம் 45 விநாடியில் முடியும், மூச்சும் மிச்சமிருக்கும். சின்னச் சுற்றில் வளைவு அதிகம், அதனால் வேகம் குறையும். தேர்வு நெருங்கும்போது வாரம் ஒரு நாளாவது ரேஸ் கோர்ஸ் மைதானம் மாதிரி 400 மீட்டர் ட்ராக்கில், மூன்றே முக்கால் சுற்றாக ஓடிப் பழகுங்கள். அங்கே சுற்றுக்கு 112 விநாடி. இரண்டு கணக்கும் மனதில் இருக்கட்டும்.

செம்மண் தரை இங்கே பெரிய வசதி. ரிங் ரோட்டுத் தாரில் ஓடிப் பழகுகிறவர்களுக்கு மூன்றாவது வாரம் முழங்காலுக்குக் கீழே, முன்எலும்பின் உள் ஓரத்தில் வலி வரும். அதோடு ஓடினால் வலி கூடும், பிறகு பத்து, பதினைந்து நாள் ஓட்டமே இல்லாமல் போய்விடும். வலி வந்தவனை மாஸ்டர் ஓடவிடாமல் கயிறுக்கும் தண்டாலுக்கும் அனுப்பிவிடுகிறார். சரியான முடிவு.

இனி கயிறு. இதற்காகத்தான் இந்த மையத்துக்குப் போகச் சொல்கிறோம். ஒவ்வொரு போட்டியிலும் குறைந்த மதிப்பெண்ணுக்கான அளவு ஒரு ஸ்டார், முழு மதிப்பெண்ணுக்கான அளவு டபுள் ஸ்டார். கயிறில் ஒரு ஸ்டாருக்கு 5 மீட்டர், டபுள் ஸ்டாருக்கு 6 மீட்டர். பல இடங்களில் வேப்பமரக் கிளையில் கயிறைக் கட்டி ‘ஆறு மீட்டர்’ என்று சொல்லிவிடுகிறார்கள், டேப் வைத்தால் நாலரைகூட வராது. அங்கே சுலபமாக ஏறிவிட்டு, தேர்வு நாளில் பாதியில் தொங்குவார்கள். இங்கே இரும்புக் கம்பம் நட்டு, உச்சியில் வளையம் போட்டு, கனமான மணிலா கயிறு தொங்குகிறது. 5-லும் 6-லும் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. கீழே ஒரு முழம் ஆழத்துக்கு ஆற்று மணல். சேரும் முன் எந்த மையத்திலும் இந்த மூன்றையும் பாருங்கள்: கம்பத்தின் உயரம், கயிறின் கனம், கீழே மணல். மணல் இல்லாத கயிறில் கைவைக்க வேண்டாம். ஐந்து மீட்டரிலிருந்து வெறும் தரையில் விழுந்தால் தேர்வு மட்டும் போகாது, இடுப்பும் போய்விடும்.

கற்றுக்கொடுக்கும் வரிசையும் சரி. முதல் இரண்டு வாரம் யாரையும் கயிறில் ஏறவிடுவதில்லை. கம்பியில் வெறுமனே தொங்கல், 20 விநாடியில் தொடங்கி 45 வரை. பிறகு கம்பியில் துண்டைப் போட்டு, அதன் இரு முனையையும் பிடித்துக்கொண்டு உடலை மேலே இழுப்பது. கயிறில் முதலில் தளர்வது தோளும் புஜமும் என்று நினைக்கிறார்கள், உண்மையில் முதலில் விட்டுப்போவது விரல் பிடி. துண்டுப் பயிற்சி அதற்குத்தான். மூன்றாவது வாரம் பாதி உயரம், ஐந்தாவது வாரம் 5 மீட்டர்.

இறங்குவதைத் தனியாகச் சொல்லித்தருவது இங்கே மட்டும் பார்த்த விஷயம். மேலே போனவுடன் ‘முடிந்தது’ என்று கையைத் தளர்த்திச் சரேலென்று வழுக்கி இறங்குவார்கள். மணிலா நார் உள்ளங்கைத் தோலை உரித்தெடுத்துவிடும். விரல்களுக்கு அடியில், மேட்டுப் பகுதியில் கொப்புளம் கிளம்பி, மறுநாள் உடைந்து, ஒரு வாரம் கயிறையே தொட முடியாது. ஏறின மாதிரியே கைக்குக் கீழ் கை வைத்து இறங்க வேண்டும். சித்திரை, வைகாசியில் விடிகாலையிலேயே உள்ளங்கை வியர்க்கும், அதனால் ஏறும் முன் காய்ந்த மண்ணில் கையைத் தேய்த்து, தட்டிவிட்டு ஏறச் சொல்கிறார்கள்.

நீளம் தாண்டுதல், உயரம் தாண்டுதல் இரண்டில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். நீளம் 3.80 மீட்டருக்கு ஒரு ஸ்டார், 4.50-க்கு டபுள். உயரம் 1.20, 1.40. இங்கே நீளம்தான் சரியாகச் சொல்லித்தருகிறார்கள், உயரத்துக்கு மெத்தை இல்லை. மணலில் பின்பக்கமாகக் கை ஊன்றினால் அந்தக் கைத்தடத்திலிருந்துதான் அளப்பார்கள், ஒன்றரை அடி வீணாகிவிடும். தாண்டி விழும்போது முன்னால் சாய்ந்து விழுவதை மட்டுமே ஒரு வாரம் பழக்குகிறார்கள். ஓட்டத்தில் 100 மீட்டர் (15 விநாடி, 13.5) அல்லது 400 மீட்டர் (80, 70). மாஸ்டர் எல்லோரையும் 100-க்குத் தள்ளுகிறார். இதில் உடன்பாடு இல்லை. 13.5 பிறவி வேகமும் நல்ல கிளம்பலும் உள்ளவனுக்குத்தான் வரும். 1500-க்கு எப்படியும் பழகுகிறவன் நாலு மாதத்தில் 400-ஐ 70-க்குக் கொண்டுவருவது நடக்கிற காரியம்.

உடற்கூறு அளத்தலை இங்கே நேர்மையாகச் செய்கிறார்கள், பாராட்ட வேண்டும். உயரம் 170 செ.மீ., பட்டியல் இனத்தவருக்கும் பழங்குடியினருக்கும் 167. மார்பு சாதாரணமாக 81, மூச்சை இழுத்தால் இன்னும் 5 செ.மீ. விரிய வேண்டும். சேரும் நாளிலேயே சுவரில் நிறுத்தி அளந்து, 170 தேவைப்படும் பிரிவில் 168.5 இருக்கிற பையனிடம் ‘தம்பி, இது ஆகாது’ என்று சொல்லிக் காசு வாங்காமல் அனுப்புகிறார்கள். ‘தொங்கினால் வளரும்’ என்று சொல்லி ஆறு மாதக் கட்டணம் வாங்கும் இடங்களும் இதே மதுரையில் உண்டு. மார்பு விரிவு வேறு விஷயம், அதைப் பழகிக் கொண்டுவரலாம். வயிற்றை உப்பாமல் விலா எலும்பைத் தூக்கி மூச்சை இழுக்கப் பழகினால் மூன்றரையில் நிற்பவர்களுக்கு ஐந்து வந்துவிடுகிறது.

சனிக்கிழமை கடைசி ஒரு மணி நேரம் தேர்வில் இல்லாத பாடம். தீயணைப்புத் துறையில் பணியாற்றி ஓய்வுபெற்ற ஒருவர் வருகிறார். 63 மி.மீ. டெலிவரி ஹோஸ் (தீயில் தண்ணீர் பாய்ச்சும் குழாய்) ஒன்றைக் கொண்டுவந்து, 15 மீட்டரையும் விரித்து, நடுவில் மடித்து, இரண்டு இணைப்பு முனையும் ஒரே பக்கம் வரும்படி சுருட்டச் சொல்கிறார். பிறகு நாற்காலி முடிச்சு: ஒரே கயிறில் இரண்டு வளையம், ஒன்று அக்குளுக்கடியில், இன்னொன்று முழங்கால் மடிப்பில். கிணற்றில் விழுந்தவரை இதில் உட்காரவைத்துத்தான் மேலே தூக்க வேண்டும். மதுரையைச் சுற்றிய கிராமங்களில் தடுப்புச் சுவர் இல்லாத கிணறுகள் எத்தனை என்று தெரிந்தவர்களுக்கு, இந்தத் துறைக்கு ஆள் எடுக்கும்போது கயிறு ஏறச் சொல்வது ஏன் என்று விளக்க வேண்டியதில்லை. மாடு விழுந்தாலும் ஆள் விழுந்தாலும் அழைப்பு தீயணைப்பு நிலையத்துக்குத்தான் போகிறது.

அவர் சொல்லும் இன்னொன்றையும் பையன்கள் காதில் வாங்கிக்கொள்ள வேண்டும். 2020 தீபாவளி சமயத்தில் நவபத்கானா தெரு ஜவுளிக்கடைத் தீயில் கட்டடம் இடிந்து 2 தீயணைப்பாளர்கள் இறந்தார்கள். மாசி வீதிகளைச் சுற்றி இன்னும் பழைய காரைச் சுவர், மர உத்தரக் கட்டடங்கள் இருக்கின்றன. உத்தரம் எரிந்தால் மேல்தளத்தைத் தாங்க ஒன்றுமில்லை. வீட்டில் ‘அரசு வேலை’ என்று மட்டும் நினைத்து அனுப்பும் அப்பா அம்மாவும் இதைத் தெரிந்துகொண்டு அனுப்புவது நல்லது.

முதலுதவியில் மார்பை அழுத்தும் பயிற்சியும் உண்டு. 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு, நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. பொம்மை கிடையாது, மணல் மூட்டையில்தான். வேகம் பழக அது போதும், ஆழம் பழகாது.

இப்போது குறை. மாலை வகுப்பு என்று ஒரு பேக்கேஜ் சேர்த்து விற்கிறார்கள். அங்கே நடப்பது பொது அறிவு வினா விடை மனப்பாடம் மட்டும்தான். உளவியல் 25 கேள்விக்கு, அதாவது எண் வரிசை, தகவல் கையாளல், தருக்கக் கேள்விகளுக்கு, ஆளே இல்லை. எளிதாக மதிப்பெண் வாங்கக்கூடிய பகுதியே அதுதான். ஆறாம் வகுப்பு முதல் பத்து வரை சமச்சீர் பாடப்புத்தகங்களைப் படித்து, பழைய வினாத்தாள்களை 80 நிமிடம் வைத்துப் போட்டுப் பாருங்கள். மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகத்தின் தன்னார்வப் பயிலும் வட்டத்தில் இலவச வகுப்பு எப்போது தொடங்குகிறது என்று புதூருக்குப் போய்க் கேட்டுவிட்டு, பிறகு காசு கொடுத்துப் படிப்பதைப் பற்றி யோசியுங்கள்.

வாசலில் ‘ஃபயர் அண்ட் சேஃப்டி டிப்ளமோ’ நோட்டீஸும் கொடுக்கிறார்கள். இது கோபம் வரவழைக்கிற விஷயம். அந்தப் படிப்பு தொழிற்சாலை, கட்டுமானம், வளைகுடா வேலைகளுக்குப் பயன்படலாம். சீருடைப் பணியாளர் தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது. பத்தாவது முடித்த பையனின் வீட்டில் நகையை வைத்து இதைக் கட்டினால், தீயணைப்பாளர் வேலைக்கு அது ஒரு அடிகூட நெருக்கிக் கொண்டுபோகாது. பெண்களையும் ‘ஃபயர் பேட்ச்’ என்று சேர்க்கிறார்கள். இதுவரை வந்த அறிவிக்கைகளில் தீயணைப்பாளர் பணியிடம் ஆண்களுக்கே. காவலர் பணிக்குத் தயாராகும் பெண்கள் சேரலாம், ஆனால் அதைத் தெளிவாகச் சொல்லிச் சேர்க்க வேண்டும். தீயணைப்புத் துறைக்கே வர விரும்பும் பெண் பட்டதாரிகளுக்கு டிஎன்பிஎஸ்சி குரூப் 1 வழியாக மாவட்ட அலுவலர் பணி இருக்கிறது.

சேர்வதாக இருந்தால் அறிவிக்கை வரும்வரை காத்திருக்க வேண்டாம். அறிவிக்கை வந்த மறுநாள் இந்த மைதானத்தில் கூட்டம் இரட்டிப்பாகும், கயிறோ இரண்டுதான், ஒரு காலையில் ஒரு தடவை ஏறினாலே அதிகம். கட்டணத்தை மாதாமாதம் வாங்கிக்கொள்கிறார்கள், மொத்தமாகக் கேட்டால் மறுத்துவிடுங்கள். காலை 4.50 மணிக்கே போய்விடுங்கள், தார்பாய்க்குப் பக்கத்துக் கம்பத்தில் இருக்கும் கயிறு இரண்டில் புதியது, அதில்தான் பிடி நிற்கும். ஒரு துண்டு, தண்ணீர், ஊறவைத்த கொண்டைக்கடலை ஒரு கை. உள்ளங்கை கொப்புளத்துக்குத் துணி பிளாஸ்டரும் ஒரு சுருள் கையில் இருக்கட்டும், மைதானத்தில் கிடைக்காது.