லாரித் தண்ணீர் வாங்குகிறவர்கள் கவனத்துக்கு: டேங்க்கில் எழுதியிருப்பதை நம்பாதீர்கள்

வயிறு எரிகிறது. இன்று காலைதான் தெரிந்தது. ஒரு மாதத்தில் ஐந்து லோடு, லோடு 2,800 ரூபாய், மொத்தம் 14,000 ரூபாய் கொட்டிக் கொடுத்திருக்கிறோம். எட்டு வீட்டுக் காசு. கணக்குப் பார்க்கிறவன் நான்.

சென்னையில் போன் போட்டால் லாரி அனுப்பும் தனியார் ஆள்கள்தான். முதல் லோடு வந்த அன்று டிரைவர், வயதானவர், டேங்க் பக்கவாட்டில் தட்டிக் காட்டினார். "பாருங்க தம்பி, 12,000 லிட்டர், எழுதியே இருக்கு." அவருக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினேன்! லோடு மூன்று நாள் வர வேண்டியது, இரண்டு நாளில் தீர்ந்தது. மேல் வீட்டு அக்கா துணி துவைத்தே தீர்க்கிறார் என்று அவரிடம் சண்டை வேறு போட்டேன்.

என் மகள் எட்டாவது படிக்கிறாள். கன அளவுப் பாடம். "ஒரு கன மீட்டர் ஆயிரம் லிட்டர்ப்பா, நம்ம சம்ப்பை அளக்கலாமா?" என்றாள். சம்ப் என்பது தரைக்கு அடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டி; நீளம் 3 மீட்டர், அகலம் 2 மீட்டர். அப்படியென்றால் தண்ணீர் ஒரு சென்டிமீட்டர் ஏறினால் 60 லிட்டர். 12,000 லிட்டருக்கு 2 மீட்டர் ஏற வேண்டும். இன்று லாரி வருவதற்கு முன் குச்சி விட்டுப் பார்த்தோம், 15 சென்டிமீட்டர். லாரி போன பிறகு 145. வந்தது 7,800 லிட்டர்தான். மீதி 4,200 எங்கே?

போன் செய்தேன். "வழியில சிந்தியிருக்கும் சார்." வழியில் நாலாயிரம் லிட்டர் சிந்தினால் தெருவே மிதக்குமே! அடுத்து, "உங்க மோட்டார் ஓடியிருக்கும்." மோட்டாரை நானே அணைத்துவிட்டுத்தான் அளந்தேன். மூன்றாவது தடவை வேறொருவர்: "எங்களுக்கு லோடுதான் சார் கணக்கு, லிட்டர் கிடையாது." அப்புறம் எடுக்கவே இல்லை. முந்தைய நாலு லோடை அளக்கவில்லை, அதனால் கேட்கவும் வழியில்லை. 14,000 ரூபாய்!

விவரமாக எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. சுருக்கமாக: முன்பணம் அனுப்பாதீர்கள். வால்வைத் திறக்கும் முன் லாரி மேல்மூடி வழியாக எட்டிப் பாருங்கள். சம்ப்பில் முன்னும் பின்னும் குச்சி விடுங்கள், மோட்டாரை அணைத்துவிட்டு. கொத்தனார் சம்ப் அளவை அடியில் சொல்லியிருந்தால், ஒரு கன அடிக்குச் சுமார் 28.3 லிட்டர் என்று போடுங்கள்.

நாளை மறுநாள் மறுபடி தண்ணீர் வேண்டும். யாரிடம் சொல்வது என்று இன்னும் தெரியவில்லை.